பராக்குக் காட்டுகிற வேலை

அம்பாசமுத்திரத்தில் என் பெரியப்பா வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு ஒரு வேலை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, படம் எடுக்க வந்திருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் பராக்குக் காட்ட வேண்டும். சம்பளம் கிடையாது. எதிர்த்த கடையிலிருந்து வருகிற டீயில் பாதியும் ஒரு உளுந்தவடையும் உண்டு. அதை வைத்தே தெருவில் எனக்கு ஒரு மிதப்பு.

என் கைவசம் இருந்தவை ஒரு கிலுகிலுப்பை, அமுக்கினால் கீச்சென்று கத்தும் ரப்பர் வாத்து, ஜால்ரா தட்டும் குரங்கு பொம்மை. குரங்குக்குச் சாவி தொலைந்து வெகுகாலம் ஆகியிருந்தது; அதன் கையை நான்தான் ஆட்ட வேண்டும். பெரியப்பா கேமராவில் குனிந்ததும் அவர் தோளுக்கு மேலே எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்க பாரு, காக்கா பாரு" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவேன். "ஏலே, நீ கத்துத கத்துல பிள்ளைக்கு முழி பிதுங்குது. வாத்தை வச்சிட்டு சும்மா உக்காரு" என்பார். சும்மா உட்காருவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

1970-களின் கடைசி அது. ஸ்டூடியோ என்பது எங்கள் பூர்வீக வீட்டின் முன்பாதி. தெருவைப் பார்த்த அறையில் ஷோகேஸ், அடுத்து படம் எடுக்கும் கூடம், கூடத்து மூலையில் இருட்டறை. அதற்கப்புறம் வீடு தொடங்கிவிடும்: தார்சா, வானம் பார்த்த முற்றம், அடுக்களை, புறவாசல். கூடத்தில் 500 வாட் விளக்குகள் இரண்டு ஸ்டாண்டில் நிற்கும். சுவரில் சீனரித் திரை. அதில் மாடிப்படி, பளிங்குத் தூண், தூரத்தில் ஒரு ஏரி, ஏரியில் அன்னம். தாமிரபரணி ஓடுகிற ஊரில் அந்த ஏரி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. திரைக்கு முன்னால் பிளாஸ்டிக் பூச்சாடி, வயர் இல்லாத கறுப்பு டெலிபோன், பிள்ளைகளுக்கு ஒரு மரக்குதிரை.

கேமரா இரண்டு. ஒன்று தாத்தா காலத்து மரப்பெட்டி ஸ்டாண்டு கேமரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் தேய்த்த கண்ணாடியில் குடும்பமே தலைகீழாகத் தொங்கும். நாற்காலியில் இருக்கிற பெரியவர் வேட்டி மேலே, வழுக்கை கீழே. அந்தக் கேமராவுக்கும் குழந்தைகளுக்கும் ஒத்தே வராது. கண்ணாடியில் பார்க்கும்போது உள்ளே பிலிம் இருக்காது. பார்த்து, ஃபோகஸ் வைத்து, லென்ஸை மூடி, பிலிம் ஹோல்டரைச் செருகித் தகட்டை உருவுவதற்குள் பிள்ளை குதிரையைவிட்டு இறங்கி வாசலுக்குப் போயிருக்கும். பார்த்த முகம் ஒன்று, பதிகிற முகம் வேறு.

மற்றது யாஷிகா மேட். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்; கழுத்தில் மாட்டிக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். 120 பிலிம், ரோலுக்கு 12 சதுரப் படம். பிலிம் ஊட்டியில் தயாரான இந்து, இல்லாவிட்டால் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோ. பிள்ளை தலையைத் திருப்பிவிட்டாலும் அது ஒரு படம்தான். கணக்கில் ஒன்று போயிற்று. இன்றைக்குப் போனில் ஒரே மூச்சில் முப்பது நாற்பது எடுத்து, அதில் ஒன்றைப் பொறுக்குகிறோம். பெரியப்பா எடுக்கும் முன்பே பொறுக்கியாக வேண்டும். விரல் பொத்தானில் இருக்கும், அமுங்காது. அவர் பக்கத்தில் நின்று நான் பார்த்ததில் பெரும்பகுதி அந்த அமுங்காத விரல்தான்.

வருகிறவர்கள் கேட்டது என்னவோ இயல்பான படம் இல்லை. படம் எடுப்பது என்றால் ஒரு விசேஷம். பெட்டியிலிருந்து பாச்சை உருண்டை வாசத்தோடு பட்டுப்புடவை வெளியே வரும். பிள்ளைக்கு இரவல் வாங்கிய அரைஞாண் கொடி, கால் காப்பு. கால் தெரியணும், காப்பு தெரியணும், காது தோடு தெரியணும், பிள்ளை நேரே பார்க்கணும். பாதம் வெட்டுப்பட்டால் அபசகுனம். மூன்று பேராக நிற்கக்கூடாது. நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார்கள். மூன்றே பேர் உள்ள குடும்பம் வந்தால் என்னைக் கூப்பிட்டு ஓரத்தில் நிற்க வைத்ததும் உண்டு. ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில், யாரோ ஒருத்தர் குடும்பத்தில் ஒருவனாக நான் தொங்கிக்கொண்டிருக்கிறேனோ.

அந்த விறைப்பை நான் கேலி செய்யமாட்டேன். இன்றைக்கு 'கேண்டிட்' என்ற பெயரில், கைக்குழந்தையைக் கூடையில் சுருட்டி வைத்து, தகப்பனும் தாயும் ஒருவரையொருவர் பார்த்து நூறாவது தடவையாகச் சிரிக்கிற படங்களைவிட அந்த விறைப்பில் நேர்மை அதிகம். நாங்கள் படத்துக்கு நிற்கிறோம் என்று அவர்கள் ஒளிக்கவில்லை. பெரியவர்களுக்கு அது பொருந்தியது. பிள்ளைகளுக்குத்தான் பொருந்தவில்லை.

விளக்கைப் போட்டதும் கூடத்தில் வெயில்காலம் வந்துவிடும். பவுடர் போட்ட முகம் ஐந்து நிமிஷத்தில் கோடு கோடாக வழியும். கண்ணைக் கூசிக்கொண்டு பிள்ளை அழத் தொடங்கும். அம்மா நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, சேலைத் தலைப்புக்குள் கையை மறைத்து, பிள்ளையின் இடுப்பைப் பிடித்திருப்பாள். அப்படியும் நாலு விரல் வெளியே தெரியும். பிறகு பிரிண்டில் அந்த விரல்கள் மேல் திரையின் நிறத்துக்குச் சாயம் தடவி மறைப்பார்கள். மேலைநாட்டிலும் இதே கதைதான் என்று பின்னாளில் தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு படத்துக்குப் பல விநாடிகள் ஆகும் என்பதால், தாயின் மேல் திரைச்சீலையைப் போர்த்தி நாற்காலி மாதிரி ஆக்கி, அவள் மடியில் குழந்தையை உட்கார வைத்து எடுத்திருக்கிறார்கள். அம்மாவைத் துணி போட்டு மூடிவிட்டுப் பிள்ளையைச் சிரி என்றால் அது எப்படிச் சிரிக்கும்?

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாளைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. 48 வயதில் மகள் வாங்கித் தந்த கேமராவைக் கொண்டு 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்து, அதையே தன் முதல் வெற்றி என்று குறித்து வைத்தவர். படம் சரியாக விழுந்த சந்தோஷத்தில் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க வீடெல்லாம் ஓடித் தேடியதாகவும், படத்தை அவளே எடுத்துக் கொடுத்ததாகத் தோன்றியதாகவும் எழுதியிருக்கிறார். கடைசிக் காலத்தில் இலங்கையில் குடும்பத்துக்கு இருந்த காப்பித் தோட்டங்களின் பக்கம் வந்து, அங்கே தோட்டத்துத் தமிழர்களையும் எடுத்து, 1879-ல் அங்கேயே இறந்தார். பெரியப்பாவுக்கு இந்த அம்மாளைத் தெரியாது. ஆனால் நல்ல படம் விழுந்த அன்றைக்கு அவரும் சட்டைப்பையில் கையை விட்டு ஆரஞ்சு மிட்டாய் தேடுவார்.

ஆடி அமாவாசை வந்தால் ஸ்டூடியோ நிரம்பிவிடும். காட்டுக்குள் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திய பிள்ளைகள், பாபநாசம் வழியாக இறங்கி நேரே எங்கள் வாசலுக்கு வருவார்கள். தலையில் சந்தனம் காயாமல் இருக்கும். காது சிவந்து வீங்கியிருக்கும். மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியதால் அந்த மாமனைப் பார்த்தாலே வீறிடும் பிள்ளையை, அதே மாமன் மடியில் உட்கார வைத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். "மாமா கொஞ்சம் வெளிய நின்னு பீடி குடிச்சிட்டு வரட்டும்" என்று பெரியப்பா மெதுவாக ஆரம்பிப்பார். அவர் தொழில் ரகசியத்தில் பாதி, யாரை எப்போது வெளியே அனுப்புவது என்பதுதான்.

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் சாரல் உண்டு. மலையிலிருந்து மேகம் இறங்கி முற்றத்துக்கு மேலே வெள்ளையாக மூடியிருக்கும். வெயில் இல்லை, இருட்டும் இல்லை. முகத்தில் ஒரு பக்கம்கூட நிழல் அடிக்காது. அந்த மாதிரி ஒரு நாளில்தான், கூடத்தில் அழுது ஓய்ந்த ஒரு மொட்டைப் பிள்ளையைப் பெரியம்மா தூக்கிக்கொண்டுபோய்த் தார்சாவில் விட்டாள். அது ஓடு வழியே சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கக் கை நீட்டியது. பெரியப்பா யாஷிகாவோடு பின்னாலேயே போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் சின்னப் பிள்ளைகள் வந்தால் கூடத்தில் சம்பிரதாயத்துக்கு ஒன்றோ இரண்டோ, மிச்சம் தார்சாவில் என்று ஆயிற்று. வெயில் நாளில் முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும். ஷட்டர் 125-ல், அப்பெர்ச்சர் 5.6-ல், மீட்டர் எல்லாம் கிடையாது, கண்ணாலேயே சொல்லிவிடுவார்.

இரண்டு லென்ஸ் கேமராவுக்கு இதில் ஒரு வசதி. கண்ணில் வைத்து முகத்தை மறைக்கிற சமாச்சாரம் அதில் இல்லை. தரையில் சம்மணம் போட்டு, கேமராவை மடியில் வைத்து, குனிந்து பார்த்துக்கொண்டே பேசலாம். லென்ஸ் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கும். ஆனால் ஒரு தொல்லையும் உண்டு. கண்ணாடியில் பிம்பம் இடவலம் மாறித் தெரியும். பிள்ளை வலது பக்கம் தவழ்ந்தால் கண்ணாடியில் இடது பக்கம் போகும். அதை விரட்டிக் கேமராவைத் திருப்பினால் பிள்ளை இன்னும் வேகமாக ஓடி மறைந்துவிடும். நான் முயன்று பார்த்திருக்கிறேன், தலை சுற்றும். பெரியப்பாவின் கை, கண் சொல்வதைக் கேட்காமல் தானாக எதிர்ப்பக்கம் திரும்பும். ஓடுகிற பிள்ளையை விரட்டுவதைவிட, அது எங்கே திரும்பி வரும் என்று பார்த்து அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பது மேல் என்பார். எங்கே திரும்பி வரும்? அம்மாவிடம். ஆகவே அம்மாவை உட்கார வைக்கிற இடத்தில்தான் வெளிச்சத்தைப் பார்ப்பார்.

வந்ததும் பிள்ளையைப் பார்க்கவே மாட்டார். எட்டு ஒன்பது மாதப் பிள்ளைக்கு வேற்று முகம் என்றால் பயம். உற்றுப் பார்த்தால் உதட்டைப் பிதுக்கும். அதனால் அப்பாவிடம் நெல் விலை, மணிமுத்தாறு அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று பேசுவார். கேமராவைப் பக்கத்தில் தரையில் வைத்திருப்பார். பேச்சு போய்க்கொண்டிருக்கும்போதே பிள்ளை மெல்லத் தவழ்ந்து வந்து லென்ஸில் விரலை வைக்கும். வைக்கட்டும் என்று விட்டுவிடுவார். பிறகு வேட்டி நுனியில் வாயால் ஆவி ஊதித் துடைத்துக்கொள்வார். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் மேல்மூடியைத் திறந்து கண்ணாடிக்குள் பார்க்கச் சொல்வார். உள்ளே அம்மா முகம் சின்னதாகத் தெரியும். பிள்ளை நிமிர்ந்து நிஜ அம்மாவைப் பார்க்கும், மறுபடி குனியும். அப்புறம் அந்தப் பெட்டி மேல் அதற்கு எந்தப் பயமும் இருக்காது.

நேரம் குறிப்பதில்தான் சண்டை வரும். வீட்டுக்காரர்கள் ராகுகாலம், எமகண்டம் பார்த்து நல்ல நேரத்தோடு வருவார்கள். பெரியப்பா, "பிள்ளை எப்பம் பால் குடிக்கும், எப்பம் தூங்கி முழிக்கும்?" என்று கேட்பார். "ஆச்சி, நீங்க சொல்லுத நல்ல நேரத்துல அது தூங்கி விழும். பால் குடிச்சு ஒரு ஏப்பம் விடும் பாருங்க, அதுதான் அதுக்கு நல்ல நேரம்." ஆச்சிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ராகுகாலம் மட்டும் வேண்டாம் என்று ஒரு உடன்பாட்டுக்கு வருவார்கள்.

தாழம்பூ தைத்த ஜடையோடு வருகிற பெண் பிள்ளைகளைத்தான் அவரால் தார்சாவுக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஐந்தாறு வயதுப் பிள்ளை. காலையிலிருந்து உட்கார வைத்துத் தைத்திருப்பார்கள். பூவோடு மடல் குத்தும், ஊசி குத்தும், தலை பின்னால் இழுக்கும். படத்தில் முகமும் தெரிய வேண்டும், பின்னலும் தெரிய வேண்டும். அதற்காகப் பின்னால் ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடியைச் சரியான சாய்வில் வைக்காவிட்டால் அதில் பெரியப்பாவும் விளக்கும் நானும் தெரிவோம். அது தவிர ஒரு சூட்சுமம் இருந்தது. முகம் ஐந்தடியில் இருந்தால், கண்ணாடியில் தெரிகிற பின்னல் கேமராவுக்கு எட்டு ஒன்பதடிக் கணக்கு. கண்ணாடி வரை போய்த் திரும்பி வருகிற தூரத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டும் துல்லியமாக விழ அப்பெர்ச்சரை 16, 22 என்று சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது. அரை விநாடி, ஒரு விநாடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். அந்த ஒரு விநாடி பிள்ளை அசையக்கூடாது. இயல்பாவது ஒன்றாவது! அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பெண் பிள்ளைகள் கல்யாணக் கவலை வந்தவர்களாக நிற்பார்கள். முடிந்ததும் பெரியம்மா அவர்களை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஜடையை அவிழ்ப்பாள். ஒவ்வொரு பூவாக உருவ உருவ முகம் இளகும். பெரியப்பா ரோலில் ஒன்று மிச்சம் இருந்தால் அதை அங்கேதான் செலவழிப்பார்.

பெரியவர்களைச் சேர்த்து எடுக்கும்போது அவர் சொல்வது ஒன்றுதான்: கைக்கு ஒரு வேலை வேண்டும். "சாதாரணமா இருங்க" என்று சொன்னால் யாருக்கும் சாதாரணமாக இருக்க வராது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைப்பார்கள், அதுவும் முஷ்டி பிடித்து. அவர், "ஆச்சி, பிள்ளைக்குப் பித்தான் திறந்திருக்கு பாருங்க" என்பார். ஆச்சி போடக் குனிவாள். அக்காவிடம் தம்பியின் மூக்கைத் துடைக்கச் சொல்வார். உண்மையிலேயே வடிந்துகொண்டிருக்கும்.

விக்கிரமசிங்கபுரம் மில்லில் சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வரும். அப்படி வந்த ஒரு குடும்பம். பெரிய மீசை வைத்த தாத்தா, ஆச்சி, மில்லில் வேலை பார்க்கும் மகன், மருமகள், தவழ்கிற பருவத்தில் ஒரு ஆண் குழந்தை. அந்தக் காலத்தில் பல வீடுகளில், தன் அப்பா முன்னால் ஒருவன் தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சமாட்டான். அது மரியாதைக் குறைவு. கூடத்தில் எடுத்த குரூப்பில் பிள்ளை தாத்தா மடியில், மகன் ஓரத்தில் காவலுக்கு நிற்கிறவனாக நின்றான். பிள்ளை அவனைப் பார்த்துப் பார்த்துக் கையை நீட்டியது. அவன் திரையில் இருந்த அன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, முன்னால நோட்டுல உங்க அட்ரஸ் எழுதணும். பையன் கூட்டிட்டுப் போவான், ஒரு எட்டு வாரியளா" என்று தாத்தாவைக் கிளப்பினார். அன்றைக்கு நான் பராக்குக் காட்டியது அந்தத் தாத்தாவுக்கு. ஷோகேஸுக்கு முன்னால் நிறுத்தி, இது கல்லிடைக்குறிச்சி டாக்டர், இது எங்க ஹெட்மாஸ்டர், இது வடக்குரத வீதியில் ஜவுளிக்கடை என்று எனக்குத் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாரையும் அறிமுகம் செய்து வைத்தேன். அவரும் பொறுமையாக, "இவன் எங்க சம்பந்தகாரனுக்குச் சொந்தம்லா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தார்சாவில், "தம்பி, ஸ்டூலை நகத்தணும், ஒரு நிமிசம் பிள்ளையைப் பிடிங்க" என்று பெரியப்பா குழந்தையை மகன் கையில் கொடுத்திருக்கிறார்.

நடந்ததை நான் பிரிண்டில்தான் பார்த்தேன். பிள்ளை அப்பன் மீசையை ஒரு கொத்தாகப் பிடித்திருக்கிறது. அவன் மேலுதடு இழுபட்டுப் பல் தெரிகிறது. ஒரு கண் வலியில் மூடியிருக்கிறது. மற்றக் கண் சிரிக்கிறது. படத்தின் வலது ஓரத்தில் அரை முகமாக அவன் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவள் கண்ணாடி வளையலில் முற்றத்து வானம் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது. பிள்ளையின் காப்பு தெரியவில்லை, கால் தெரியவில்லை, யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. அந்தக் கால வாடிக்கையாளர் கணக்கில் காசு கொடுக்கத் தேவையில்லாத படம்.

குரூப் போட்டோவைத் தாத்தா வந்து வாங்கிக்கொண்டு போனார். இந்தப் படத்தை அவரிடம் காட்டவில்லை. சில நாள் கழித்து மகன் தனியாக வந்தான், ஷிஃப்ட் முடிந்து நேரே. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பெரியப்பா மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெகுநேரம் பார்த்தான். "இது எவ்வளவு?" "வேண்டாம், வச்சிக்கிடுங்க." "இல்ல, காசு வாங்கிக்கிடுங்க. கார்டு சைஸுல இன்னொண்ணும் வேணும். வீட்டுக்குத் தெரியாண்டாம்." தூக்குவாளிப் பையில், வாளிக்கும் துணிக்கும் நடுவில் செருகிக்கொண்டான். பெண்டாட்டி பிள்ளையோடு தான் இருக்கிற படத்தை ஒருவன் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று என் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இருட்டறைக்குள் என்னை விடுவது பிரிண்ட் போடும்போது மட்டும்தான். பிலிம் கழுவுவது முழு இருட்டில். பேப்பருக்குச் சிவப்பு விளக்கு போதும். டிரேயில் டெவலப்பருக்குள் வெள்ளைப் பேப்பரைப் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால் கறுப்பான இடங்கள் முதலில் வரும். மற்ற படங்களில் முடி முதலில் எழும்பும். மொட்டைப் பிள்ளைக்கு முடி ஏது? இரண்டு கண்ணும் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டும் மட்டும் மிதந்து வரும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவற்றைச் சுற்றி ஒரு முகம் கூடும். எனக்கு அது பயமும் ஆசையுமாக இருக்கும். அப்புறம் தண்ணீர், ஹைப்போ, சிமெண்டுத் தொட்டியில் ஒரு மணி நேரம் அலசல். பளபளப்பு வர, ஈரப் பிரிண்டைக் கண்ணாடிப் பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டி வைப்பார்கள். காய்ந்ததும் பட் பட்டென்று தானே தெறித்து விழும். ராத்திரி சாப்பிடும்போது கூடத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்கும்.

நெகட்டிவில் கூர் சீவிய பென்சிலால் டச்சிங் செய்வதும் உண்டு. பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும்; சுருக்கம், தழும்பு, அம்மைப் புள்ளி எல்லாம் மறையும். இதனால் ஒரு தடவை பெரிய ரகளை. அந்த வாரம் டச்சிங்குக்கு வந்த ஆள் சிரத்தையாக ஒரு பிள்ளையின் கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டை எடுத்துவிட்டார். பிள்ளையின் ஆச்சி படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "எம் பேரனைப் பொட்டில்லாம ஊருக்கெல்லாம் காமிப்பியா? பொட்டை வச்சுக் குடுத்தாத்தான் எந்திரிப்பேன்." பெரியப்பா மசிக் குச்சியை எடுத்து ஒவ்வொரு பிரிண்டிலும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக் கொடுத்தார். பிள்ளையின் நிஜக் கன்னத்திலும் பொட்டு இருக்கிறதா என்று ஆச்சி சரிபார்த்துக்கொண்டுதான் போனாள்.

தார்சாப் படங்களுக்கு அவர் டச்சிங் செய்ய விடமாட்டார். மூக்குச்சளி இருந்தால் இருக்கட்டும். அவற்றை முதலில் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார், கொசுறு என்று சொல்லி. நாளாக ஆக, "எங்களுக்கும் அந்த முத்தத்துல வச்சு ஒண்ணு எடுங்க" என்று கேட்டு வந்தார்கள். அப்படிக் கேட்டு வந்தவர்களும் பட்டுப்புடவையோடு வந்து முற்றத்தில் விறைத்து நின்றதுதான் வேடிக்கை.

அந்தப் படங்கள் எதற்குப் பயன்படும் என்று ஊர் கண்டுகொண்டது வேறு வழியில். ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டால் மாலை போட ஒரு படம் வேண்டும். பலருக்குத் தனியாக எடுத்த படமே இருக்காது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஓடி ஒளிந்தவர்கள். அப்போது ஓடி வருவார்கள்: "நீங்க அன்னைக்குப் பிள்ளையை எடுத்தீங்களே, அதுல எங்கம்மா பக்கத்துல இருந்தாளே." நெகட்டிவைத் தேடி எடுத்து, அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, பக்கத்தில் இருந்தவர்களைச் சாயம் வைத்து அழித்துக் கொடுக்க வேண்டும். குரூப் போட்டோவில் விறைத்த முகம் வேண்டாம் என்று தார்சாப் படத்தைக் கேட்டவர்கள் இருந்தார்கள். பேரனுக்குப் பித்தான் போடும்போது குனிந்த முகம், அதுவும் பக்கவாட்டில். சாமி படங்களோடு மாட்ட நேர்முகம்தான் வேண்டும் என்று மூத்த மகனும், இதுதான் அம்மா என்று இளைய மகளும் எங்கள் கூடத்திலேயே சண்டை போட்டார்கள். மகளே ஜெயித்தாள்.

கலர் வந்ததும் எல்லாம் மாறிற்று. பிலிமைக் கழுவ மதுரைக்கு அனுப்ப வேண்டியிருந்தது, இருட்டறைக்கு வேலை போயிற்று. ஹைப்போக் கரைசலையும் பழைய நெகட்டிவையும் எடைக்கு வாங்கி அதிலிருந்து வெள்ளி எடுக்கிறவர்கள் வருவார்கள். பெரியப்பா இருந்த வரைக்கும் கரைசலை மட்டும் கொடுத்தார். அவருக்குப் பிறகு நெகட்டிவும் போய்விட்டது; மீசையைப் பிடித்த பிள்ளையும் அதோடு போயிருக்கும். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிச் சேகரிக்கிற வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது என்று அறிந்தபோது வயிறு எரிந்தது. எங்கள் ஊருக்கு எடைக்காரன் முந்திக்கொண்டான்.

இப்போது பெரியப்பா மகன், என் அண்ணன், அதே கூடத்தில் கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மெஷினோடு இருக்கிறான். சீனரித் திரை இருந்த சுவரில் வெள்ளைப் பெயிண்ட். வேலை பெரும்பாலும் பாஸ்போர்ட், விசா படம். போன முறை போயிருந்தபோது துபாயில் இருக்கிற அப்பாவிடம் போகப் பாஸ்போர்ட் எடுக்க ஒரு கைக்குழந்தை வந்திருந்தது. பாஸ்போர்ட் படத்தில் பல் தெரியக்கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், கண் நேரே பார்க்க வேண்டும், பின்னால் வெள்ளையைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது. பிள்ளையை வெள்ளை விரிப்பில் படுக்க வைத்து, அண்ணன் ஸ்டூல் மேல் ஏறிக் கேமராவைக் கீழே பிடித்தான். அது அவனைப் பார்த்துச் சிரித்தது. பொக்கை வாயைத் திறந்து, காலை உதறி, நிறுத்தாமல் சிரித்தது.

"இதை அனுப்பினா தள்ளிருவான். சிரிப்பு நிக்கட்டும்" என்றான் அண்ணன். அம்மா, நான், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் எல்லாரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றோம். அதைப் பார்த்து அதற்கு இன்னும் சிரிப்பு.

"கொட்டாவி வரும், பொறு" என்றான். "கொட்டாவி விட்டு முடிச்ச உடனே வாய் தானா மூடும். அப்பா சொல்லித் தந்தது."

வந்தது. எடுத்தான். எட்டு காப்பி நூறு ரூபாய்.